குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட இருமல்

குழு இன்னும் குழு ஆகவில்லை என்று செயலர் சொன்னார். அடுப்பில் பால் இன்னும் காயவில்லை என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

நானும் என் கணவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஆக்சிஜன் சிலிண்டரை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் மூட்டையோடு இடம் கிடைத்தவரைப் போல நிம்மதியாக இருந்தார். எதிரே இருந்த கதவு சரியாகச் சாத்தாது. கீல் தளர்ந்து எப்போதும் ஒரு கை அகலத்துக்குத் திறந்தே கிடக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் சட்டமன்றத்தின் தொழிலாளர் மனுக்கள் குழுவை அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் பார்த்தோம்.

"எல்லாரும் உள்ள உக்காந்திருக்காங்களே சார்" என்றேன்.

"உறுப்பினர்களா உக்காந்திருக்காங்கம்மா. குழுவா உக்காரல. தலைவர் இல்லாம குழு இல்ல. தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் நடத்தணும். கூட்டம் நடத்தணும்னா தலைவர் வேணும்."

என் கணவருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே இருமலாக மாறியது. அடங்கிய பிறகு, "எங்க மேஸ்திரி மாதிரி பேசறார்" என்றார். "மெஷினை ஓட்டிப் பாத்தாத்தான் பிளேடு சரியா இருக்கான்னு தெரியும், பிளேடு சரியா இருந்தாத்தான் மெஷினை ஓட்டணும்பார்."

அவர் கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். பெரிய பாளங்களைச் சமையலறை மேடைக்கும் மாடிப்படிக்கும் ஏற்ற மாதிரி அறுத்துக் கொடுப்பார்கள். காய்ந்த கல்லில் பிளேடு ஓடும்போது மாவு போலத் தூசி கிளம்பும். வாயில் துணி கட்டிக்கொள்வார்கள். துணியைத் தாண்டிப் போன தூசி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோதுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அந்தத் தூசியைக் கழுவி எடுக்க வழியில்லை என்றும் அவர் சொன்னார்.

பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி பறக்காது, சேறாகிக் கீழே போய்விடும். பட்டறைக்காரருக்கும் அது தெரியும். தரை ஈரமாகிறது, கல்லின் நிறம் தெரிவதில்லை, குழாய் இழுக்க வேண்டும் என்று மூன்று காரணம் வைத்திருந்தார். கடைசியில், "சட்டத்துல இருக்கா? இருந்தா காட்டு, நாளைக்கே தண்ணி விடறேன்" என்றார். சட்டத்தில் இல்லை. சட்டத்தில் சேர்க்கச் சொல்லும் அதிகாரம் இந்தக் குழுவுக்குத்தான் இருந்தது.

தனக்காக என்றால் என் கணவர் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார். அவர் நின்ற மெஷினில் இப்போது என் தம்பி நிற்கிறான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் எதுவும் கேட்காமல் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவன் படியேறி வந்து பேச்சைத் தொடங்குவதற்கு முன் சற்று நின்றான். அன்று மாலைதான் இவர் என்னை உட்கார வைத்து மனு எழுதச் சொன்னார்.

"நானே சொல்லலாமா சார்? இவருக்குப் பேச மூச்சு வாங்குது" என்று முதல் நாளே செயலரிடம் கேட்டேன்.

"பாதிக்கப்பட்டவர்தான் நேர்ல சொல்லணும்மா. நீங்க பாதிக்கப்பட்டவரோட மனைவி. பாதிக்கப்பட்டவர் இல்ல."

அதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

தலைவர் தேர்வாகும் வரை வயதில் மூத்த உறுப்பினர் தற்காலிகமாகத் தலைமை வகிக்க வேண்டும் என்பது விதி. அன்று அதற்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். இருவர் தலையிலும் மை அவ்வளவு கருப்பாக இருந்தது. வெளியே வேறு எங்கு கேட்டாலும் வயதைக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

"எனக்கு மூட்டுவலி வந்தப்ப உங்களுக்கு மீசையே முளைக்கல" என்றார் ஒருவர்.

"என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வயசைக் குறைச்சுக் குடுத்துட்டாங்க. உண்மைல நான் பெரியவன். உங்க அண்ணனே என் கூடப் படிச்சவர்."

"எங்க அண்ணன் ஃபெயிலாகி ஃபெயிலாகி உங்க கூட வந்து உக்காந்தார். அதை ஏன் இங்க இழுக்கறீங்க?"

வாதம் நீண்டது. பல் எத்தனை போயிற்று, பேரன் பேத்தி எத்தனை என்றெல்லாம் சான்றுகள் வந்தன. நடுவில் அந்த இருவரில் ஒருவர் தூங்கிவிட்டார். அதையே போதிய சான்றாக ஏற்று, அவரை மூத்தவர் என்று உறுப்பினர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தட்டி எழுப்பி, அவர்தான் தற்காலிகத் தலைவர் என்று சொன்னதும் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு தன் முதல் தீர்ப்பை வழங்கினார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

"நல்ல மனுஷனாத் தெரியறார்" என்றார் என் கணவர். மூச்சுக்குத் தவிக்கும் அவருக்குத் தூங்க முடிந்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் தேர்வு. யார் தலைவர் என்பது தேநீர் கொண்டுவருபவருக்குக்கூட முன்னாலேயே தெரிந்திருந்தது. தலைவரின் கோப்பையில் மட்டும் சர்க்கரை போடாமல் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, தலைவர் ஆகப்போகிறவர் எதுவும் தெரியாதவரைப் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் திடுக்கிட்டார். அந்தத் திடுக்கிடல் நன்றாக இருந்தது. நான் தையல் கடையில் வேலை செய்பவள். ஒரு துணி எத்தனை முறை போட்டுப் பார்க்கப்பட்டது என்பது தோளில் அது உட்காரும் விதத்தில் தெரிந்துவிடும்.

"பதவியை நான் தேடிப் போனதில்லை" என்று அவர் ஏற்புரையைத் தொடங்கினார். "அது என்னைத் தேடி வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். வாசலிலேயே இருந்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். ஏழைத் தொழிலாளியின் கண்ணீரைத் துடைக்க இந்தக் கை என்றும் தயார். அந்தக் கண்ணீர் உரிய முறையில், உரிய வழியில், இந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது ஒன்றே என் வேண்டுகோள்."

மேஜையைத் தட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரும் அவரைச் சுருக்கமாக வாழ்த்தினார்கள். சுருக்கமாக வாழ்த்துவதாகச் சொன்னவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். அது முடிந்ததும் தற்காலிகத் தலைவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. ஒரே ஒரு தீர்ப்பு வழங்கிய அவருடைய காலம் இந்தக் குழுவின் பொற்காலம் என்று ஒருவர் சொன்னபோது, மூத்தவர் உண்மையாகவே அழுதார்.

தாழ்வாரத்தில் என் கணவர் தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் தயாரித்தது ஒரு நீண்ட பேச்சு. காலையில் பட்டறைக் கூரை ஓட்டையிலிருந்து வெயில் ஒரு கோடாக இறங்குவது, அந்தக் கோட்டுக்குள் தூசி மின்னுவது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அழகு என்று நினைத்தது, எல்லாம் அதில் இருந்தது. இப்போது வெயில் கோட்டை எடுத்துவிட்டார்.

"அது நல்லா இருந்துச்சேங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள தண்ணிக்கு வர மூச்சு இருக்காது."

உள்ளே உரைகள் வளர வளர, வெளியே இவர் உரை குறைந்துகொண்டே வந்தது. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இருக்கைகள் பிரச்சினையானது. கட்சி வரிசையில் உட்காருவதா, மூப்பு வரிசையில் உட்காருவதா, ஃபேனுக்கு நேர் கீழே யார். உறுப்பினர்களில் ஒருவர் எதற்கெடுத்தாலும் எழுந்து "ஒழுங்குப் பிரச்சினை!" என்பார். அவருக்கு என் கணவர் ஒழுங்கு என்றே பெயர் வைத்துவிட்டார். கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாது என்று ஒழுங்கு சொன்னார். மக்கள் அந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள், மக்களுக்கு முதுகு காட்டுவது தன் கொள்கை அல்ல என்றார். அப்படியானால் மக்களுக்கு யாராவது ஒருவர் முதுகு காட்டித்தானே ஆக வேண்டும் என்று தலைவர் கவலையோடு கேட்டார். அந்த நேரம் பார்த்து என் கணவர் இருமினார். பெஞ்சும் சேர்ந்து ஆடுகிற மாதிரியான இருமல். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, உள்ளே பார்த்து மன்னிப்புக் கேட்கிறவளைப் போலச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அதற்கு அடுத்த கூட்டத்தில் செயலர் முந்தைய குறிப்பை வாசித்தார். "இருக்கை வரிசை குறித்து உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர். இருமல். விவாதம் தொடர்ந்தது."

"ஒழுங்குப் பிரச்சினை!" ஒழுங்கு எழுந்தார். "தலைவர் அவர்களே, குறிப்பில் ஒரு இருமல் இடம்பெற்றிருக்கிறது. அது யாருடையது?"

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் உரிமை கோரவில்லை.

சுருக்கெழுத்து எழுதும் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னார்கள். "அறையில கேக்கறதை எல்லாம் எழுதணும்னு உத்தரவு சார். கேட்டுச்சு. எழுதினேன்."

"எவ்வளவு நீளம்?"

"நீளமா இருந்துச்சு சார். நான்தான் சுருக்கமா எழுதினேன்."

இருமல் வெளியே காத்திருக்கும் மனுதாரருடையது என்று செயலர் தெளிவுபடுத்தியதும் அறை பரபரப்பானது. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்றுதான் அவர் முகத்தில் பொறுப்பைப் பார்த்தேன்.

"இது மிகவும் நுட்பமான விஷயம்" என்றார். "மனுதாரர் தன் நுரையீரலைப் பற்றித்தான் மனுக் கொடுத்திருக்கிறார். நுரையீரலிலிருந்து வந்த ஒலி குறிப்பில் ஏறியிருக்கிறது. அப்படியென்றால் அவர் சாட்சியம் அளிக்கத் தொடங்கிவிட்டார் என்று ஆகிறதா, இல்லையா?"

"ஆகிறது" என்றார் ஒழுங்கு. "இருக்கைகளே முடிவாகாத நிலையில் சாட்சியம் அளித்தது முறைகேடு. அது மட்டுமல்ல. ஒரு மனுதாரரை ஒருமுறைதான் கேட்கலாம். அவரைக் கேட்டாகிவிட்டது என்று நாளை யாராவது சொன்னால்?"

"பாவம், அந்த மனுஷனுக்கு நஷ்டமாயிடுமே" என்றார் மூத்தவர்.

"அதனால்தான் சொல்கிறேன். அவருடைய நலனை முன்னிட்டே அந்த இருமலைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும்."

நீக்குவதற்குப் பதிலாக ஒத்திவைக்கலாம் என்று மூத்தவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது தோற்றது. கைகள் உயர்ந்தன. நீக்கம் நிறைவேறியது. சுருக்கெழுத்துப் பெண் தலையைக் குனிந்து ஒரு கோடு அடித்தாள்.

நான் இடுக்கிலிருந்து திரும்பி என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"டாக்டருங்களால முடியல பாரு. இவங்க கையைத் தூக்கியே முடிச்சுட்டாங்க."

இனி அப்படி எதுவும் நேராமலிருக்க, தாழ்வாரத்தின் கடைசியில், படிக்கட்டுப் பக்கம் போய் உட்காரும்படி செயலர் கேட்டுக்கொண்டார். அங்கிருந்து கதவிடுக்கு தெரியாது. அன்றிலிருந்து நான் இரண்டு இடத்துக்கும் நடந்து, உள்ளே நடப்பதை அவருக்குச் சொல்பவளாக ஆனேன்.

நடைமுறை விதிகளுக்கு வந்தார்கள். போன தொடரின் விதிகளையே ஏற்றுக்கொள்ளலாம் என்றார் தலைவர். செயலர் தயங்கித் தயங்கி, போன தொடரின் குழு தன்னை அமைத்துக்கொள்வதற்குள் தொடர் முடிந்துவிட்டது என்றார். அதற்கு முந்தைய குழுவும் அப்படித்தான். விதிகள் என்று எதுவும் இல்லை, விதிகளை ஏற்பது எப்படி என்பதற்கான விதி மட்டும் இருக்கிறது. எனவே விதிகளை வகுக்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவுக்குத் தலைவர் இல்லை. அதன் உறுப்பினர்களில் வயதில் மூத்தவர் யார் என்ற கேள்வி எழுந்தது.

இதையெல்லாம் நான் போய் அவரிடம் சொல்வேன். ஆரம்பத்தில் கோபத்தோடு சொன்னேன். பிறகு நிதானமாக, பிறகு ஒரு தேர்ச்சியோடு சொன்னேன். முன்மொழிவு என்ன, திருத்தம் என்ன, எது முந்தி எடுத்துக்கொள்ளப்படும் என்பதெல்லாம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு நாள் செயலர், "மத்த மனுதாரர்கள் மாதிரி சத்தம் போடாம எவ்வளவு பொறுமையா இருக்கீங்க" என்றார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நல்ல பெண் என்று பெயர் வாங்கிய மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குளிர்ச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் சுமந்துகொண்டு போனேன்.

அந்த வாரம் என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு சொல்லாக. நான் இஸ்திரி போட்டுக்கொண்டே, "சுருக்கமா சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்து, "சரிங்க தலைவர் அவர்களே" என்றார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று அப்புறம் எத்தனை முறை கேட்டும் மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

பேச்சு அதற்குள் மூன்று வாக்கியமாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். அவர் கட்டிலில் சாய்ந்தபடி அவனைக் குழுவாக வைத்துச் சொல்லிக் காட்டினார். "காஞ்ச கல்லை அறுக்கறோம். தூசி உள்ள போகுது. தண்ணி விடச் சொல்லுங்க."

"போதும் மாமா. இதுக்கு மேல என்ன சொல்லணும்?" என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினான்.

"தொண்டை கட்டியிருக்கு" என்றான் உடனே.

"ஆமா, ஆமா. தொண்டைதான்" என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிவிட்டதைப் போல எனக்காக நடித்தார்கள். நானும் எனக்குத் தெரியாத மாதிரி உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை பகலில், ஆஸ்பத்திரியில், அவர் போய்விட்டார். ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

குழு முழுமையாக அமைந்துவிட்டது என்றும், மனுதாரர் நேரில் வந்து தன் கருத்தைச் சொல்லலாம் என்றும் அழைப்பு வந்தபோது, அவருடைய சட்டைகளை இன்னும் கொடியிலிருந்து எடுத்திருக்கவில்லை. தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன்.

செயலர் என் கையில் சிலிண்டர் இல்லாததைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவர் முகம் வாடியது. நிஜமாகவே வாடியது.

"அடடா. எல்லாம் சரியாகி வந்த நேரத்துல."

"நான் சொல்றேன் சார். மூணே வாக்கியம். எனக்கு மனப்பாடம்."

"சொல்லலாம்மா... ஆனா மனுதாரர் தவறிட்டா முதல்ல இரங்கல்தான். இரங்கல் தீர்மானம் போட்டு, ரெண்டு நிமிஷம் மௌனம் இருந்து, அவருக்கு மரியாதையா வேற அலுவல் எதையும் எடுத்துக்காம கூட்டத்தை முடிச்சுடணும். அதுதான் மரபு."

"அடுத்த கூட்டத்துல சொல்லட்டுமா?"

"இன்னிக்கோட தொடர் முடியுது. தொடர் முடிஞ்சா குழுவும் முடியுது."

"அப்புறம்?"

"அடுத்த தொடர்ல புதுக் குழு அமைப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார்.

ஆக, அவருக்கு மரியாதை செய்வதற்காக அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் கலைவார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. களைப்பாக இருந்தது. களைப்புக்குக் கீழே, கொல்லைப்புறத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல, ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது.

முதல் முறையாக என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மறைந்தவரின் குடும்பத்தார் முன்னிலையில்தான் இரங்கல் நிறைவேற வேண்டுமாம். சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். தலைவர் எழுந்தார்.

"அமரரை நான் நேரில் அறிந்தவன் அல்ல. ஆனால் அவருடைய இருமலை இந்தக் குழு அறியும். இந்தத் தொடர் முழுவதும் அவர் எங்களோடு இருந்தார். எங்கள் விவாதங்களுக்கு வெளியே ஒரு உந்துசக்தியாக இருந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அவரோடே போய்விட்டது. அது இந்த நாட்டின் இழப்பு."

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

செயலர் என் பக்கம் குனிந்து, "மனுதாரர் தவிர வேற யாரும் பேசக்கூடாதும்மா" என்று கிசுகிசுத்தார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைகள் குனிந்தன. சுருக்கெழுத்துப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைகளைக் கோர்த்துக்கொண்டாள். அறை அமைதியானது. கட்சி பேதம் இல்லாமல் எல்லாருடைய வாயும் ஒன்றாக மூடியிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இந்த இரண்டு நிமிடம் அவர்கள் ஒருவராலும் குறுக்கே பேச முடியாது.

"காஞ்ச கல்லை அறுக்கறாங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தூசி உள்ள போகுது. தண்ணி விடச் சொல்லுங்க."

ஒழுங்கின் உடம்பு துடித்தது. கை பாதி உயர்ந்து நின்றது. ஆனால் மௌனத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப முடியாது. தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்று வாக்கியம் முடிந்துவிட்டது, நேரம் நிறைய மீதி இருந்தது. அதனால் என் கணவர் தன் பேச்சிலிருந்து வெட்டி எறிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கூரை ஓட்டையையும், வெயில் கோட்டையும், அதை அழகென்று நினைத்ததையும்.

தலைவர் நிமிர்ந்ததும் ஒழுங்கு வெடித்தார். "ஒழுங்குப் பிரச்சினை! மௌனம் மௌனமாக அனுசரிக்கப்படவில்லை! தீர்மானம் செல்லாது!"

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் விதியைப் பார்த்தார். இடையில் கலைந்த மௌனம் மௌனம் ஆகாது. இரங்கல் முழுதாக நிறைவேறாமல் கூட்டத்தை முடிக்க முடியாது. என்னை வெளியே அனுப்பலாமென்றால், குடும்பத்தார் முன்னிலை இல்லாமல் இரங்கலே இல்லை.

"அம்மா" என்றார் தலைவர், கிட்டத்தட்டக் கெஞ்சலாக. "உங்க வீட்டுக்காரருக்காகத்தான். கொஞ்சம் அமைதியா இருங்க."

மறுபடி நின்றார்கள். மறுபடி தலைகள் குனிந்தன. நான் மறுபடி பேசினேன். இந்த முறை என் தம்பியைப் பற்றி. அவன் படியேறி வந்து நிற்பதை, சுவர்ப்பக்கம் திரும்பி இருமுவதை, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்வதை. அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருப்பதை. அதே பிளேடுதான், அதே துணிதான் என்பதை. மூத்தவர் குனிந்த தலையோடு காதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

"ஒழுங்குப் பிரச்சினை!"

மூன்றாவது முறை நின்றார்கள். நான் பேசிக்கொண்டே இருக்கும் வரை அவர்கள் கலைய முடியாது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் கதவிடுக்கில் நின்று கற்றதன் பலன் அது. வாயைத் திறந்தேன். சொல்ல எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மூன்று வாக்கியங்களும், ஒரு வெயில் கோடும், ஒரு தம்பியும். இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. சொன்னதையே திரும்பச் சொல்லி அவர்களை மாலை வரை நிற்க வைத்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைகளை அவர் எவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும். அதை வைத்து இவர்களுக்குக் கால் வலிக்கச் செய்ய மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவர்களுக்கு அவர்களுடைய மௌனம் கிடைத்தது. சுருக்கெழுத்துப் பெண் பேனாவைத் திறந்து, மௌனம் அனுசரிக்கப்பட்டது என்று எழுதினாள். கூட்டம் முடிந்தது. தொடர் முடிந்தது. நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. குழு மறுபடி உறுப்பினர்களாகிக் கலைந்து போயிற்று.

தாழ்வாரத்தில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மூத்தவர் மெதுவாக நடந்து வந்தார். கண்கள் ஈரமாக இருந்தன. என் பக்கத்தில் வந்து தடியை ஊன்றி நின்றார்.

"ஏம்மா, அந்த மெஷினுக்கு ரொம்பத் தண்ணி வேணுமோ?"

"இல்லீங்கய்யா." சுண்டுவிரலைக் காட்டினேன். "இந்த அளவுக்கு ஒரு குழாய். பிளேடு மேல விழுந்துக்கிட்டே இருந்தாப் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாங்க முடியாதவரைப் போலத் தலையை ஆட்டினார்.

"இதை நீங்க முதல் நாளே வந்து சொல்லியிருக்கலாமேம்மா."